உவர்நிலத்தின் ஓராண்டு அட்ரிப்ளெக்ஸ்: உப்பை எங்கே வைக்கிறது, எங்கே தோற்கிறது

உப்பு பூத்து வெளுத்துக் கிடக்கும் நிலத்தில் பச்சையாக ஏதாவது தெரிந்தால், அது நிலத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று நம்பத் தோன்றும். அட்ரிப்ளெக்ஸ் இனச் செடிகளைப் பற்றி வரும் குறிப்புகளில் பாதி இந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை. “உப்பை உறிஞ்சும் செடி, நட்டால் நிலம் சரியாகிவிடும்” என்கிறார்கள். செடி உப்பை உறிஞ்சுவது உண்மை. நிலம் சரியாகிவிடும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. அந்தக் கணக்குக்குப் போகும் முன் இந்தச் செடி உப்போடு எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதன் பலம் இலையில் இருக்கிறது, பலவீனம் விதையில் இருக்கிறது. விதைக்கிறவரும் அறுவடை செய்கிறவரும் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதால்தான்.

இங்கே முக்கியமாகப் பேசப்படுவது அட்ரிப்ளெக்ஸ் புரோஸ்ட்ராட்டா. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் கடலோரங்களிலும் உள்நாட்டு உவர்நிலங்களிலும் தானாக முளைக்கும் ஓராண்டுச் செடி இது. வட அமெரிக்காவிலும் பரவிவிட்டது. பழைய நூல்களில் அட்ரிப்ளெக்ஸ் ஹஸ்டாட்டா என்ற பெயரில் வரும். பீட்ரூட், தண்டுக்கீரை, சக்கரவர்த்திக்கீரை எல்லாம் இதன் உறவினர்கள். அலை ஒதுக்கிய கடற்பாசி மட்கும் கரைக்கோடுதான் இதற்கு மிகவும் பிடித்த இடம். உப்பு அங்கே இருக்கிறது, அதைவிட முக்கியமாக நைட்ரஜன் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனி உருக உப்புத் தூவும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஓராண்டு அட்ரிப்ளெக்ஸ் இனங்கள் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே வந்துவிட்டன. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் மைக்ராந்தா, பிரிட்டனின் சாலைகளில் லிட்டோராலிஸ்.

அடையாளம் காண்பதற்கு ஒரு வார்த்தை. செடியின் கீழ்ப்பகுதி இலையைப் பறித்துக் காம்போடு பாருங்கள். புரோஸ்ட்ராட்டாவில் இலை முக்கோணமாக இருக்கும். அடி விளிம்பு காம்புக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக, கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும். இரண்டு மூலைகளும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பாட்டுலா என்ற நெருங்கிய இனத்தில் இலையின் அடி ஆப்பு போலக் குறுகிக் காம்பில் இறங்கும், மூலைகள் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். மேல் இலைகளை வைத்து முடிவு செய்யக் கூடாது, அவை இரண்டிலும் குறுகி ஒன்றுபோலவே ஆகிவிடும். சக்கரவர்த்திக்கீரையோடு குழப்பம் வந்தால் காய்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் விதையை ஐந்து சிறு இதழ்கள் சுற்றியிருக்கும். அட்ரிப்ளெக்ஸின் பெண்பூவுக்குப் பொதுவாக இதழே கிடையாது; இரண்டு இலைச்செதில்கள் எதிரெதிராக வளர்ந்து விதையை நடுவில் வைத்து மூடியிருக்கும். அந்த மூடிய செதில் இணையைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இலை செய்யும் வேலை

உவர்மண்ணில் செடிக்கு இரண்டு தொல்லைகள். முதலாவது தண்ணீர். உப்புக் கரைசல் தண்ணீரைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கும். மண்ணை நீரால் முழுக்க நிரப்பிப் பிரித்தெடுக்கும் நீரான பூரிதச் சாற்றில், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 10 டெசிசீமன் என்றால், உப்பினால் மட்டும் வரும் இழுவிசை சுமார் 0.36 மெகாபாஸ்கல். பாய்ச்சிய மண் வடிந்து, ஈரம் பூரித நிலையில் பாதியானதும் உப்பின் அடர்த்தி இரட்டிப்பாகி, இழுவிசையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கடல்நீரில் இது 2.4 மெகாபாஸ்கலைத் தொடும். இதைவிட வலுவாக இழுக்கும் கரைசல் வேருக்குள்ளும் இலைக்குள்ளும் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். இரண்டாவது தொல்லை நச்சு. சோடியமும் குளோரைடும் செல்லின் சைட்டோபிளாசத்தில் சேர்ந்தால் நொதிகள் முடங்கும்.

அட்ரிப்ளெக்ஸ் இரண்டாவது தொல்லையைக் கொண்டே முதலாவதைச் சமாளிக்கிறது. உள்ளே வரும் சோடியத்தையும் குளோரைடையும் செல்லின் நடுவில் உள்ள வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. தண்ணீரை இழுக்கத் தேவையான கரைசல் இலவசமாகக் கிடைத்தாகிவிட்டது. வாக்குவோலுக்கு வெளியே, நொதிகள் இருக்கும் பகுதியில் அதே அழுத்தத்தைச் சமன்செய்ய கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கற்ற சேர்மங்களைச் செடியே தயாரித்து வைக்கிறது. பீட்டைனில் நைட்ரஜன் உண்டு. எனவே உப்பு கூடக்கூட நைட்ரஜன் தேவையும் கூடும். மட்கும் கடற்பாசியின் மேல் இது ஏன் கொழுத்து வளர்கிறது, வெறும் உவர்மணலில் ஏன் நோஞ்சானாக நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் இதில் கிடைக்கிறது.

இளம் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மாவு தூவியது போல ஒரு பூச்சு தெரியும். அது மாவல்ல, உப்புப்பைகள். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய காம்புச் செல்லும் அதன் உச்சியில் ஊதிய ஒற்றைச் செல்லும் கொண்ட மாற்றுருவான மயிர். இலையிலிருந்து உப்பு காம்பு வழியாக மேலேறி அந்த ஊதிய செல்லில் சேரும். பை முதிர்ந்து நொறுங்கும்போது உப்பு இலையின் மேற்பரப்பில் வெள்ளிநிறப் படலமாகப் படியும், மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். பல்லாண்டு வாழும் புதர் இனங்களில் இந்தப் பூச்சு கடைசிவரை அடர்த்தியாக இருக்கும். புரோஸ்ட்ராட்டாவில் அப்படியில்லை: இலை விரிந்து முதிரும்போது பைகள் சிதறி, மேற்பரப்பு பச்சையாகிவிடும். ஆக இதன் முதிர்ந்த இலைக்கு உப்புப்பைகளைவிட வாக்குவோல் சேமிப்பும், உப்போடு சேர்ந்து இலை தடிப்பதும்தான் பெரிய துணை. “உப்புப்பை வழியாகத்தான் இந்தச் செடி பிழைக்கிறது” என்று பொதுவாக எழுதுவது புதர் இனங்களைப் பார்த்துவிட்டு ஓராண்டு இனங்களின் மேல் ஒட்டிவைப்பது.

சோடியம் இந்தக் குடும்பத்துக்கு வெறும் சுமையும் அல்ல. ஆஸ்திரேலியாவில் பிரௌனெல், வுட் என்ற இருவர் 1957-ல் அட்ரிப்ளெக்ஸ் வெசிகேரியா என்ற புதர் இனத்தைச் சோடியம் முற்றிலும் நீக்கிய கரைசலில் வளர்த்தபோது இலை வெளிறிச் செடி நலிந்தது. மிகச் சிறிதளவு சோடியம் சேர்த்ததும் தேறியது. இது சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும், அதாவது கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட சேர்மமாகப் பிடிக்கும் செடிகளின் தேவை என்பது 1972-ல் தெளிவானது. புரோஸ்ட்ராட்டா முதலில் மூன்று கார்பன் சேர்மத்தை உண்டாக்கும் சி3 வகை, அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பேரினத்தில் இரண்டு வகையும் இருப்பதால்தான் 1970-ஐ ஒட்டி ஸ்டான்ஃபோர்டில் இருந்த கார்னகி நிறுவனத்தில் ஒல்லே பியோர்க்மன் குழுவினர் புரோஸ்ட்ராட்டாவை சி4 இனமான ரோசியாவோடு கலப்பு செய்து பார்த்தார்கள். பிள்ளைச் செடிகளின் இலை அமைப்பு இரண்டுக்கும் இடைப்பட்டதாக வந்தது. ஒளிச்சேர்க்கையோ இரு பெற்றோரையும்விட மோசமாக இருந்தது. சி4 என்பது ஒரு மரபணுவை மாற்றிப் பெறும் சமாச்சாரம் அல்ல என்பதற்கு ஆரம்பத்திலேயே கிடைத்த வலுவான சான்று அது.

ஒரே செடியில் இரண்டு விதை

வளர்ந்த செடி தாங்கும் உப்பை அதன் விதை தாங்காது. உவர்நிலச் செடிகள் அனேகமாக எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், ஓராண்டுச் செடிக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆண்டுதோறும் விதையிலிருந்துதான் அது மறுபடி பிறந்தாக வேண்டும். விதை கிடக்கும் இடமோ மண்ணின் மேல் ஓரிரு சென்டிமீட்டர். நீர் ஆவியாகும்போது உப்பு வந்து குவிவதும் அதே இடத்தில்தான்.

இதற்குச் செடி கண்ட வழி, இரண்டு வகை விதைகளைச் செய்வது. முதிர்ந்த செடியின் செதில்களை விரலால் தேய்த்துப் பிரித்தால் இரண்டும் கிடைக்கும். ஒன்று பெரியது, பழுப்பு நிறம், மெல்லிய தோல், 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். மற்றது சிறியது, கறுப்பு, பளபளப்பானது, கெட்டியான தோல் கொண்டது. பழுப்பு விதை ஈரம் கண்டதும் முளைக்கும். கறுப்பைவிடக் கூடுதல் உப்பிலும் முளைக்கும். கறுப்பு விதை உறங்கும். குளிர்ந்த ஈரத்தில் சில வாரங்கள் கிடந்தோ, தோல் தேய்ந்தோதான் விழிக்கும், அதுவரை மண்ணில் சேமிப்பாக இருக்கும். ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இர்வின் உங்கரும் அஜ்மல் கானும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் செடியின் விதை அளவுக்கும் உப்பு தாங்கும் திறனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

உப்பில் முளைக்காத விதை செத்த விதை அல்ல என்பது இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. அடர்ந்த உப்புக் கரைசலில் கிடந்த விதைகளை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் கணிசமானவை முளைத்துவிடும். நிலத்தில் அந்த நல்ல தண்ணீர் மழையாக வருகிறது. மழை மேல்மண்ணின் உப்பைக் கீழே தள்ளும் சில நாள் இடைவெளியில் விதை முளைத்து, உப்பு மீண்டும் ஏறுவதற்குள் வேரைக் கீழே இறக்கிவிட வேண்டும். உப்பைத் தாங்கும் திறனோடு இந்த நேரம் பார்க்கும் திறனும் சேர்ந்ததுதான் இச்செடி. மூடியிருக்கும் செதில்களிலும் உப்பு உண்டு, அதையும் மழை கழுவ வேண்டும்.

விதைப்பும் அளவீடும்

முதலில் மண்ணை அளக்க வேண்டும். காயவைத்துச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. ஒரு மணிநேரம் குலுக்கி, அரை மணிநேரம் தெளியவிட்டு, மேல்நீரில் கடத்துதிறன் மானியை வைத்துப் பார்க்கவும். வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, இது ஐந்து மடங்கு நீர் சேர்த்த கரைசல். மணற்பாங்கான மண்ணுக்கு 14 முதல் 17, மணலும் களியும் கலந்த நடுத்தர மண்ணுக்கு 9 அல்லது 10, கனத்த களிமண்ணுக்கு 6 அளவில் பெருக்கினால் பூரிதச் சாற்றின் மதிப்பு தோராயமாகக் கிடைக்கும். அது 4-ஐத் தாண்டினால் உவர்நிலம். மாதிரியை 0–5 சென்டிமீட்டர், 5–30 சென்டிமீட்டர் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மொத்தமாகக் கலந்து எடுத்த மாதிரி 6 என்று காட்டும். விதை கிடக்கும் மேல்பரப்பில் 25 இருக்கும்.

கார அமில நிலையையும் சேர்த்துப் பார்க்கவும். 8.5-க்கு மேல் போனால் அது சோடியம் மிகுந்த களர் நிலமாக இருக்கலாம், அங்கே சிக்கலே வேறு. மண்துகள்கள் சிதறி, ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் இறுகும். முளை அந்த ஓட்டை உடைத்து வெளியே வராது. ஜிப்சம் இடாமல் களர் நிலத்தில் விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று சொல்வதில் பயனில்லை.

விதைகளைச் செதிலிலிருந்து தேய்த்துப் பிரித்து, ஓடும் நீரில் அலசவும். ஊறவைத்த நீரின் கடத்துதிறன் நல்ல தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை நீரை மாற்றவும். உடனே பயிர் வேண்டுமென்றால் பழுப்பு விதைகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். கறுப்பு விதைகளை ஈரமணலில் கலந்து குளிர்பெட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தபின் விதைக்கவும். ஆழம் அரை சென்டிமீட்டர் போதும், ஒன்றைத் தாண்டக் கூடாது. பாத்தியில் விதைப்பதற்கு முன் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணின் உப்பைக் கீழே தள்ள 10 சென்டிமீட்டர் உயர நல்ல நீர் வேண்டும். தேக்கி வைத்துக் கட்டினால், மண்ணின் ஆழத்துக்குச் சமமான உயர நீர் கரையும் உப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கீழே இறக்கும்.

பார் ஓட்டி விதைப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, பாரின் உச்சியில் விதைப்பது. வாய்க்காலில் விடும் நீர் இருபுறமும் ஊறி மேலேறி உச்சியில்தான் ஆவியாகும், உப்பும் அங்கேதான் வெள்ளைக் கோடாகக் குவியும். பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே விதைக்க வேண்டும். முளைத்து ஐந்தாறு இலை வரும்வரை மேல்மண் காயக் கூடாது. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டுக் கலைத்துவிடலாம்.

தொட்டியில் உப்புநீர் கொடுத்து வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 3 கிராம் உப்பில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதே அளவு கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே நாளில் உயர்த்தினால் இலை சுருண்டு விழும். வெறும் சமையல் உப்பை மட்டும் கரைத்து ஊற்றுவதும் தவறு. சோடியம் கால்சியத்தை ஒதுக்கிவிடும், புது இலைகளின் நுனி கருகும். லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சமும் கரைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் அடியில் வடியும் நீரின் கடத்துதிறனை வாரம் ஒருமுறை அளக்கவும். ஊற்றுவது 10, வடிவது 30 என்றால் உள்ளே உப்பு தேங்குகிறது, அடியில் வழியும் அளவுக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டிய நேரம் அது.

நிலத்தைத் திருத்துமா?

ஒரு ஹெக்டேர் எடுத்துக்கொள்வோம். மேல் 30 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 4,200 டன். பூரித நிலையில் 40 சதவீத நீர் என்றால் 1,680 டன் நீர். கடத்துதிறன் 10 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் உப்பு. ஆக மேல்மண்ணில் மட்டும் கரைந்த நிலையில் சுமார் 12 டன் உப்பு இருக்கிறது.

இப்போது செடி. உவர்நிலத்தில் ஹெக்டேருக்கு 5 டன் உலர்எடை அறுத்தோம், அதில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு டன் உப்பு வெளியே போகிறது. வேறெங்கிருந்தும் ஒரு துளி உப்புகூட வராவிட்டால் 12 ஆண்டில் மேல்மண் காலியாகும். ஆனால் வரும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்றுநீரைப் பருவத்துக்கு 400 மில்லிமீட்டர் பாய்ச்சினாலே 4 டன் உப்பு உள்ளே வந்துவிடுகிறது. நிலத்தடி நீர் ஒன்றரை இரண்டு மீட்டருக்குள் இருந்தால் மண்துளைகள் வழியே மேலேறிவரும் உப்பு தனிக்கணக்கு. மறுபுறம், வடிகால் மட்டும் ஒழுங்காக இருந்தால், 30 சென்டிமீட்டர் நல்ல நீரைத் தேக்கி வடிப்பது ஒரே முறையில் 9 டன்னுக்கு மேல் இறக்கிவிடும்.

இந்த எண்களில் எதை இரண்டு மடங்காக்கினாலும் முடிவு பெரிதாக மாறாது. வடிகால் வேலைக்கு அறுவடை மாற்றாகாது. செடியின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. வெறுமண்ணை மூடி நிழல் கொடுக்கிறது, ஆவியாதல் குறைகிறது, மேல்பரப்பில் உப்பு ஓடு கட்டுவது குறைகிறது. வேர் துளைத்த வழிகளில் மழைநீர் கீழே இறங்குகிறது. கரிமப்பொருள் சேர்கிறது. இது குறைந்த பயன் அல்ல, ஆனால் “உப்பை அகற்றுதல்” என்ற பெயரில் விற்கத்தக்கதும் அல்ல. நிலத்தடி நீர்மட்டத்தை இறக்குவதற்கும் ஓராண்டுச் செடியை நம்ப முடியாது. அதன் வேரின் பெரும்பகுதி மேல்மண்ணோடு நின்றுவிடும், பருவம் முடிந்தால் செடியே இல்லை. ஆழ வேர்விடும் புதர் இனங்கள் செய்யும் வேலை அது.

அப்படியும் உப்புக்காகவே அறுப்பதென்றால் பூ முதிர்ந்து காய் பிடிக்கும் கட்டத்தில், இலை உதிரத் தொடங்குவதற்கு முன் அறுத்து நிலத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கேயே மடக்கி உழுதால், ஆழத்திலிருந்து திரட்டிய உப்பையும் சேர்த்து மேல்மண்ணில் போட்டதாகிவிடும்.

தட்டிலும் தொட்டியிலும்

இளம் இலையும் கொழுந்தும் கீரையாக உண்ணத்தக்கவை. இதன் உறவான ஹார்ட்டென்சிஸ் ஐரோப்பாவில் நெடுங்காலமாகத் தோட்டக்கீரை. கவனிக்க வேண்டியவை மூன்று. ஆக்சலேட் உண்டு, வேகவைத்து நீரை வடித்தால் கரையும் பகுதி போய்விடும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது. நைட்ரஜன் மிகுந்த எருக்குழி ஓரங்களில் வளர்ந்தால் நைட்ரேட் சேரும். மூன்றாவது உப்பு: 100 கிராம் பச்சை இலையில் 12 கிராம் உலர்பொருள், அதில் 8 சதவீதம் சோடியம் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம், அதாவது 2.4 கிராம் சமையல் உப்பு. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சமைக்கும்போது உப்புப் போடாமல் இருப்பதோடு அளவையும் சுருக்க வேண்டும். சாலையோரத்துச் செடியைப் பறிக்கவே வேண்டாம், வாகனப் புகையும் உலோகத் தூசும் அதில் படிந்திருக்கும்.

ஆடுகளுக்கு இது தனித்தீவனம் ஆகாது. சாம்பல் அளவு (உப்பும் தாதுக்களும்) அதிகம், ஆற்றல் குறைவு. வைக்கோலோ வேறு உலர்தீவனமோ கலந்து, நல்ல தண்ணீர் தட்டாமல் கிடைத்தால் தின்னும். குடிநீரும் உவர்நீராக இருந்தால் தீனி எடுப்பது உடனே குறையும்.

பயிர் நிலத்துக்குப் பக்கத்தில் வளர்ப்பவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பீட்ரூட்டைத் தாக்கும் பல பூச்சிகளும் நோய்களும் இதிலும் தங்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பீட், தக்காளி இலைகளைச் சுருள வைக்கும் வைரஸைச் சுமக்கும் தத்துப்பூச்சிக்கு ரோசியா இனம் ஓர் இருப்பிடம். இரண்டாவது, விதை. பழுப்பு விதை அடுத்த பருவத்தில் முளைத்துத் தீர்ந்துவிடும். ஒரே ஒரு முறை காய்த்து உதிர்ந்த செடியின் கறுப்பு விதைகளோ அதன்பின் பல பருவங்களுக்கு அங்கங்கே தலைகாட்டும். அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டுமென்றால் நிலத்தின் ஓரத்தில் நான்கைந்து செடிகளை மட்டும் விட்டுவைத்து, செதில்கள் பழுப்பேறத் தொடங்கியதும் கிளையோடு அறுத்துத் துணிப்பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்கவும். மற்றவற்றைச் செதில்கள் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும்.